கார் ஸ்டீரியோவும் கனத்த ஒலியும்: ஒரு சின்ன வரலாறு

 

இந்த வருடம் புதுக் கார் எடுத்தவர்கள் நம்மில் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். வண்டிப் படத்தைப் போட்டு வாழ்த்து வாங்கிய கையோடு, "டீச்சர், கம்பெனி ஸ்டீரியோ நல்லாத்தான் இருக்கு, ஆனா பேஸ் பத்தல. டிக்கியில ஒரு சப்-ஊஃபர் வைக்கலாமா?" என்று கேட்டவர்களும் உண்டு. என்னிடம் கேட்டால் ஒரு வரியில் பதில் வராது என்று தெரிந்தேதான் கேட்டிருப்பீர்கள்! பதில் கடைசியில் இருக்கிறது. அதற்கு முன், அந்த "தும் தும்" எப்படி நம் காருக்குள் வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். நீளமான பதிவுதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள்.

முதலில் கொஞ்சம் அறிவியல்

மனிதக் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று வகுப்பில் படித்தது ஞாபகம் இருக்கும். ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறதோ அத்தனை ஹெர்ட்ஸ். சப்-ஊஃபரின் வேலை இதில் அடிமட்டத்தில், ஏறக்குறைய 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை. இதைத்தான் பேஸ் என்கிறோம். நான் கனத்த ஒலி என்று எழுதுகிறேன்.

5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 7 சென்டிமீட்டர் நீளம்கூட இல்லை. ஜன்னலைச் சாத்தினால், கனமான திரை போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலையோ சுமார் 7 மீட்டர், நம் பழைய ஓட்டு வகுப்பறையின் நீளம். அது திரையையும் கதவையும் பொருட்படுத்தாது. அதனால்தான் தெருவில் ஒரு கார் போகும்போது பாட்டின் வார்த்தை நமக்குக் கேட்பதில்லை, "தும் தும்" மட்டும் வீட்டுக்குள் வருகிறது. அரியலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கும்போது காதுக்கு முன்னால் அடுக்கில் இருக்கும் பாத்திரத்துக்குத் தெரிந்துவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸ் ஒலி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே அளவு சத்தத்தில் 50 ஹெர்ட்ஸ் ஒலி வேண்டுமானால், அதன் கூம்பு 4 மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். 25 ஹெர்ட்ஸ் என்றால் 16 மடங்கு. அதாவது கனத்த ஒலி சும்மா வராது. யாராவது அல்லது ஏதாவது உழைத்தால்தான் வரும். முன்பு மனிதனின் கை உழைத்தது, இன்று பேட்டரி உழைக்கிறது. இந்த வரலாற்றின் சுருக்கமே இதுதான்.

கையால் எழுப்பிய காலம்

நம் ஊர்த் திருவிழாவில் தவில்காரரைக் கவனித்திருப்பீர்கள். வலது பக்கம் விரல்களில் கூடு மாட்டி அடிப்பார். இடது பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர். அதைக் குச்சியால் அடிப்பார். கனத்த ஒலி வருவது அந்தத் தொப்பியில். மிருதங்கத்தில் கச்சேரிக்கு முன் இடந்தலையில் ரவை மாவைப் பிசைந்து ஒட்டுவார்கள். தோலின் எடை கூடினால் அது மெதுவாக அதிரும், ஒலி கனக்கும். சப்-ஊஃபரின் கூம்பு மற்ற ஸ்பீக்கர்களைவிடக் கனமாக இருப்பதற்கும் இதே காரணம்தான். உறுமியில் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் முனகல் ஒலி வயிற்றுக்குள் போவது உங்களுக்கே தெரியும்.

பறையின் கதை வேறு. வட்டமான மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோலைத் தீயில் காட்டி முறுக்கேற்றி, ஒரு கையில் அடிக்குச்சி, மறுகையில் சுண்டுகுச்சி வைத்து அடிப்பார்கள். திருவிழாவுக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான், ஏரி மதகு திறக்கும் செய்திக்கும் வரி கட்டச் சொல்லும் தண்டோராவுக்கும் அதுதான். ஊர் முழுவதற்கும் கேட்க வேண்டிய செய்தியைக் கொண்டுபோன ஒலி அது. ஆனால் அதை அடித்தவர்களை ஊரோடு சேர்த்து வைக்கவில்லை. குடியிருப்பு தனி, டீக்கடையில் டம்ளர் தனி. அடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமையும் பல ஊர்களில் அவர்களுக்கு இருந்ததில்லை. கூலி என்று கொடுத்தது கொஞ்சம் நெல்லும் சாராயக் காசும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. 80-களில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாவு வீட்டுக்கு அடிக்கப் போகும் அப்பாவோடு போய்விட்டு இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கு வரும் பையன்கள் என் வகுப்பில் இருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் நான் போட்ட சிவப்பு மைக்குப் பின்னால் இவ்வளவு கதை இருந்தது. கார் ஸ்டீரியோவைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டு இதை ஏன் சொல்கிறேன் என்றால், கனத்த ஒலியின் வரலாற்றை ஸ்பீக்கரிலிருந்து ஆரம்பித்தால் பாதிக் கதை விட்டுப்போகும்.

குழாய் ரேடியோ காலம்

1939 மே 16 அன்று திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. அப்போது நாமெல்லாம் திருச்சி மாவட்டம்தான். பெரம்பலூர் 1995-ல்தான் தனி மாவட்டமானது, அதிலிருந்து அரியலூர் நிலையாகப் பிரிந்தது 2007-ல். வீட்டில் ரேடியோ வைத்துக்கொள்ள அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டும். 80-களில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. அதனால் நம் கிராமங்களில் பாட்டு என்றால் பஞ்சாயத்து ரேடியோ, இல்லாவிட்டால் கல்யாண வீட்டு மைக் செட்.

மைக் செட்டின் கூம்புக் குழாயைப் புளியமரத்தில் கட்டினால் மூன்று ஊருக்குக் கேட்கும். ஆனால் அதில் கனத்த ஒலி கிடையாது. அந்த அளவுக் குழாய்கள் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை ஏறக்குறைய வெளியே விடுவதே இல்லை. ஒரு குழாய் எவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தரும் என்பது அதன் வாய் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. குழாயில் கேட்ட பழைய பாட்டெல்லாம் மூக்கால் பாடியது போல நம் நினைவில் இருப்பது அதனால்தான். பாடியவர்கள் மேல் குற்றமில்லை! ஆகவே கல்யாணத்துக்குக் குழாய் வந்த பிறகும் தவிலும் பறையும் தேவைப்பட்டன. பாட்டு குழாயிலிருந்து வந்தது, அதிர்வு தோலிலிருந்து வந்தது.

காருக்குள் ரேடியோ

இப்போது கொஞ்சம் அமெரிக்கா போய்விட்டு வருவோம். 1930-ல் சிகாகோவில் பால் கால்வின் என்பவர் தன் ஸ்டுடிபேக்கர் காரில் ரேடியோ ஒன்றைப் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ உற்பத்தியாளர் மாநாட்டுக்கு ஓட்டிப் போனார். உள்ளே கடை போட வசதியில்லாததால் காரை வாசலில் நிறுத்திப் பாட்டை வைத்தார். ஆர்டர்கள் வந்தன. மோட்டாருக்கான ரேடியோ என்பதால் அதற்கு மோட்டோரோலா என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரே பிற்பாடு கம்பெனியின் பெயரும் ஆனது. விலை 110 முதல் 130 டாலர் வரை. ஓட்டுநரின் கவனம் சிதறும், இதைத் தடை செய்ய வேண்டும் என்று அப்போதே அங்கே குரல் எழுந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. உலகின் கார் இசை தொடங்கியதே வெளிக்கடைப் பொருத்தலில்தான். கார் கம்பெனி ஒரு வண்டியைச் செய்தது, வேறொருவர் அதைத் துளைத்து ரேடியோ வைத்தார். கம்பெனியே வைத்துக் கொடுப்பது பின்னால் வந்த வழக்கம். அதனால் "வெளியில் வைத்தால் அது முறையில்லாத வேலையா?" என்று கேட்பவர்களுக்கு, அதுதான் மூத்த வழி என்று தாராளமாகச் சொல்லலாம்.

அந்த ரேடியோவுக்கு ஒரு சிக்கல் இருந்தது. கார் பேட்டரி கொடுப்பது 6 வோல்ட், ரேடியோ வால்வுக்கு வேண்டியதோ நூற்றுக்கும் மேல். அதற்காக வைப்ரேட்டர் என்ற கருவி பேட்டரி மின்சாரத்தைத் துண்டு துண்டாக்கி, மின்மாற்றி வழியாக உயர்த்திக் கொடுத்தது. டிரான்சிஸ்டர் வந்ததும் அந்தத் தேவை போனது. இந்த வைப்ரேட்டரை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேறு உருவத்தில் திரும்பி வருகிறது.

பெட்டியின் ரகசியம்

கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் எதிரெதிர். இரண்டும் கலந்தால் கனத்த ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால் ஸ்பீக்கருக்குப் பெட்டி வேண்டும். பெட்டி இல்லாத சப-்ஊஃபர், அடி இல்லாத பானை மாதிரி.

1930-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ், பெட்டியில் ஓர் ஓட்டை வைத்து, பின்பக்கக் காற்றையும் உதவிக்கு அழைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். காலி சோடா பாட்டில் வாயில் ஊதினால் "பூம்" என்று வருமே, அதே தத்துவம். நம் மெக்கானிக்குகள் போர்ட் பாக்ஸ் என்பது இதைத்தான். 1954-ல் எட்கர் வில்சர் என்ற அமெரிக்கர் இதற்கு நேர்மாறாக, பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டு, உள்ளே சிறைப்பட்ட காற்றையே ஸ்பிரிங் போலப் பயன்படுத்தினார். சின்னப் பெட்டியிலும் கனத்த ஒலி வரும் என்று காட்டினார். அது சீல்டு பாக்ஸ். எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் பெட்டி என்று கணக்குப் போடும் முறையை 1961-ல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் எழுதினார். 70-களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். இன்று சப்-ஊஃபருடன் வரும் தாளில் தீல்-ஸ்மால் என்று இருந்தால் அது இவர்கள் இருவரின் பெயர். 1974-ல் "எர்த்க்வேக்" என்ற ஹாலிவுட் படத்துக்குத் தியேட்டர்களில் பெரிய பெரிய பெட்டிகளை வைத்து நாற்காலியையே அதிர வைத்தார்கள். கனத்த ஒலியைத் தனியாக ரசிக்கும் ஆசை பொதுமக்களுக்கு வந்தது ஏறக்குறைய அப்போதுதான்.

கேசட்டும் நம் ரோடும்

பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் பெர்லின் கண்காட்சியில் கேசட்டைக் காட்டியது. நம் ஊர்ப் பக்கம் அது பரவியபோது 70-களின் கடைசி. 1976-ல் "அன்னக்கிளி" வந்து, இளையராஜாவின் பாட்டில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு பாதையில் நடக்க ஆரம்பித்திருந்த நேரம். குழாயில் கேட்டவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வேனிலும் பஸ்ஸிலும் டேப் வைத்து, பின்னால் பெரிய ஸ்பீக்கர் மாட்டிய பிறகுதான் "அட, இந்தப் பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு ஓடுதே!" என்று தெரிந்தது. ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்கும் வேன் பிடித்துப் போனவர்கள், எந்த வேனில் செட் நன்றாக இருக்கிறது என்று பார்த்தே பிடித்தார்கள்.

அந்தக் காலத்து அம்பாசிடரும் பத்மினியும் 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ம் பெரும்பாலும் பாட்டுப் பெட்டி இல்லாமல்தான் கைக்கு வந்தன. ஸ்டீரியோ வைப்பது வெளிக்கடை வேலை. பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் ஓவல் ஸ்பீக்கர் இரண்டைப் பதித்தால் டிக்கி முழுவதும் அதற்குப் பெட்டியாகிவிடும். அந்த ஸ்டீரியோக்களில் லவுட்னஸ் என்று ஒரு பொத்தான் இருக்கும். 1933-ல் பிளெட்சர், மன்சன் என்ற இருவர் பெல் ஆய்வகத்தில் ஒன்றைக் கண்டறிந்தார்கள். சத்தம் குறையும்போது நம் காது கனத்த ஒலியை மற்ற ஒலிகளைவிட அதிகமாக இழந்துவிடுகிறது. அந்தக் குறையை ஈடுகட்டவே அந்தப் பொத்தான். இந்த இருவரின் பெயரையும் நினைவில் வையுங்கள். கடைசியில் சட்டம் பற்றிப் பேசும்போது இவர்கள் வருவார்கள்.

1992-ல் "ரோஜா" வந்த பிறகு, பாட்டின் அடிமட்டமே முன்னுக்கு வந்தது. பிறகு சிடி, பென் டிரைவ், போன். மக்காச்சோளம் ஏற்றும் டிராக்டரில்கூட இன்று பெட்டி உண்டு.

கம்பெனி ஸ்டீரியோவில் ஏன் பேஸ் இல்லை?

ஒரு காலத்தில் ஸ்டீரியோவைக் கழற்றி மாட்டுவது சுலபம். ஜெர்மானியர்கள் 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம் என்று ஒரு துளை அளவை வகுத்தார்கள். அவர்களின் தர நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம்தான் டின். கடையில் "சிங்கிள் டின்னா, டபுள் டின்னா?" என்று கேட்பது இந்த அளவைத்தான். இன்றைய புதுக் கார்களில் திரை, பின்பக்கக் கேமரா, ஏசி பொத்தான் எல்லாம் டேஷ்போர்டோடு ஒன்றாக வருகின்றன. கழற்றவும் முடியாது, கழற்றினால் மற்ற வசதிகள் போய்விடும். அதனால்தான் "ஸ்டீரியோ அப்படியே இருக்கட்டும், பேஸ் மட்டும் சேர்க்கலாமா?" என்ற கேள்வி இப்போது எல்லோரிடமும் வருகிறது.

பேஸ் இல்லாததற்குக் காரணம் மூன்று. கதவில் உள்ள 6 அங்குல ஸ்பீக்கரால் அவ்வளவு காற்றைத் தள்ள முடியாது. இரண்டாவது, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நேராக எடுத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகத் தர முடிவது ஏறக்குறைய 20 வாட்தான், அட்டையில் என்ன எண் போட்டிருந்தாலும். மூன்றாவது, சத்தத்தைக் கூட்டக் கூட்ட ஸ்பீக்கர் கிழியாமல் இருக்க, பல கம்பெனி ஸ்டீரியோக்கள் தாமாகவே பேஸைக் குறைத்துக்கொள்ளும்.

இதற்கான வழியை எனக்கு விளக்கியவர் என் பழைய மாணவர். பெரம்பலூரில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். அப்பாவோடு பறை அடிக்கப் போனதால் பதிவேட்டில் சிவப்பு மை வாங்கிய பையன்களில் ஒருவர். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"டீச்சர், கம்பெனி ஒயரை வெட்டவே கூடாது, வாரண்டியில சிக்கல் வரும். அந்தந்த வண்டிக்கு கப்ளர் வருது, நடுவுல சொருகினா போதும். ஸ்பீக்கருக்குப் போற லைனை எடுத்து, கன்வெர்ட்டர் வழியா ஆம்புக்குக் கொடுக்கணும். சில ஆம்புல அந்த வசதி உள்ளேயே இருக்கும். ஆம்புக்கு கரண்டு மட்டும் பேட்டரியிலேருந்து நேரா வரணும்."

ஆம்ப் என்ற அந்தப் பெட்டிக்குள் 12 வோல்ட்டை உயர்த்தும் சுற்று ஒன்று இருக்கிறது. 1930-களின் வைப்ரேட்டர் செய்த அதே வேலை, அசையும் பாகம் இல்லாமல்! 300 வாட் ஆம்ப் முழு மூச்சில் ஓடினால் 30 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். இரண்டு ஹாலஜன் ஹெட்லைட்டும் சேர்ந்தே 9 ஆம்பியர்தான். அந்த ஒயர் எங்காவது தகரத்தில் உரசித் தோல் உரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தீப்பிடிக்கும். அதனால் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். டிக்கியில் ஆம்புக்குப் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் வைத்தால், அது ஆம்பைக் காக்கும், உங்களைக் காக்காது. ஒயர் முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று கேளுங்கள். அலுமினியம் என்றால் இன்னும் தடித்த ஒயர் வேண்டும்.

பாட்டை வைத்து 80 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைச் சப்-ஊஃபருக்குப் போகாமல் அடைத்துவிட்டால், ஒலி டிக்கியிலிருந்து வருகிறது என்றே தெரியாது, பாட்டோடு சேர்ந்துவிடும். "பேஸ் வெச்சது தெரியக் கூடாது டீச்சர், எடுத்தாத்தான் தெரியணும்" என்றார். காருக்குள் இடம் சின்னது என்பதால் கனத்த ஒலி அங்கே தானாகவே கூடும். சீட்டுக்கு அடியில் வைக்கும் சின்னப் பெட்டியே குடும்ப வண்டிக்குப் போதும்.

அவருடைய அப்பா கையால் எழுப்பிய ஒலிக்கு ஊர் வைத்த விலை வேறு, இவர் வைக்கும் பெட்டிக்குக் கொடுக்கும் விலை வேறு. இவருடைய வேலைக்கு ரசீது உண்டு. வேண்டாத வேலையை வேண்டாம் என்று சொல்லவும் முடிகிறது. "ராத்திரி ஊருக்குள்ள அதிரவிடணும்னு கேட்டு வர்றவங்களை அனுப்பிடுவேன்" என்றும் சொன்னார். கனத்த ஒலி பிறப்பால் சுமத்தப்பட்ட வேலையாக இருந்து, கற்றுச் செய்யும் தொழிலாக மாறியது ஒரே தலைமுறையில் நடந்திருக்கிறது. 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்பது அவர் காட்டிய மாற்று வழி. தோல் தூக்கிய சுமையை வண்டி வாங்கிக்கொள்ளட்டும் என்று அரசே சொன்ன தருணம் அது. பறை இன்று மேடையில் கலையாக, விரும்பியவர்கள் விரும்பி அடிப்பதாக நிற்கிறது. அதுதான் அதற்குரிய இடம்.

சட்டத்தின் காது

இனி உங்கள் பொறுப்பைப் பற்றி. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் எல்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. 2005 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பும் இதை வலியுறுத்தியது.

ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இந்த டெசிபலை அளக்கும் முறைக்கு ஏ-வெயிட்டிங் என்று பெயர். மெல்லிய சத்தத்தை மனிதக் காது எப்படிக் கேட்கிறதோ அப்படி அளக்க வேண்டும் என்று, பிளெட்சரும் மன்சனும் வரைந்த கோட்டிலிருந்து பிறந்தது. அதன்படி 50 ஹெர்ட்ஸ் ஒலியைக் கருவி 30 டெசிபல் குறைத்துக் கணக்கில் எடுக்கும். 30 டெசிபல் என்றால் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கு! ஜன்னல் அதிரும், கட்டில் அதிரும், கைக்குழந்தை விழித்து அழும், ஆனால் கருவியில் எண் பெரிதாக ஏறாது. ஆக, கனத்த ஒலி விஷயத்தில் சட்டத்துக்குக் காது மந்தம். பக்கத்து வீட்டில் மூன்று மாதப் பிள்ளையோ, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெரியவரோ இருந்தால், அவர்களைக் காப்பாற்ற வேறு யாரும் இல்லை. உங்கள் விரல்தான் இருக்கிறது.

பறை அடித்தபோது ஊருக்கே ஒரு காரணம் இருந்தது. திருவிழா என்றால் எல்லோருக்கும் திருவிழா, சாவு என்றால் எல்லோருக்கும் துக்கம். காருக்குள் ஓடும் பாட்டு உங்கள் ஒருவருக்கானது. ஆனால் கண்ணாடியை ஏற்றினாலும் அது உங்களோடு நிற்காது. இந்த வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரோட்டிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. பலமான கனத்த ஒலி, தனக்கு மேலே உள்ள ஒலிகளையும் காதிலிருந்து மறைத்துவிடும். 108 ஆம்புலன்ஸின் சைரன், பின்னால் வரும் சிமெண்ட் லாரியின் ஹாரன் எல்லாம் அந்த மேல் பகுதியில்தான் இருக்கின்றன. திருச்சி–சென்னை நான்கு வழிச்சாலையிலும், சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் அரியலூர் ரோடுகளிலும் வண்டி ஓட்டுபவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. காதுக்கும் கணக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும்.

சரி, வைக்கலாமா வேண்டாமா? தாராளமாக வையுங்கள். இளையராஜாவின் பேஸ் கிட்டாரைக் கேட்காமல் காலம் தள்ள வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு விஷயம். பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் இருக்கிறதா என்று பானெட்டைத் திறந்து உங்கள் கண்ணால் பாருங்கள். ஒயரை வெட்டாமல் கப்ளர் போடச் சொல்லுங்கள். சின்னப் பெட்டியே போதும் என்று இருங்கள். ஊர் எல்லைப் பலகை வந்ததும் பேஸைக் குறைத்துவிடுங்கள். பொருத்திக் கொடுப்பவருக்குப் பேரம் பேசாமல் கூலி கொடுங்கள், அது ஐந்தாவது.

உங்கள் ஊரில் முதன்முதலில் மைக் செட் வைத்திருந்தது யார், முதலில் டேப் வைத்த வேன் எது என்று ஞாபகம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். தவிலோ பறையோ வாசித்த தாத்தாக்களைப் பற்றியும் எழுதுங்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை, நாம்தான் எழுத வேண்டும்.

எல்லோரும் பத்திரமாக ஓட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்